பெருசைக் கட்டு, சிறுசுல வெட்டு

உக்காருங்கண்ணே. இருங்க, இந்த ஃபைலை எடுத்து மடியில வச்சுக்கிறேன். கசங்கக் கூடாது. உள்ள ஒரே ஒரு தாளுதான், ஆனா என்னோட பத்தொன்பது வருஷ சர்வீஸே அதுலதான் இருக்கு.

என்னை எங்கயோ பாத்த மாதிரி இல்ல? நல்லாப் பாருங்க. மீசையை எடுத்துட்டேன், அதான் தெரியல. வீட்டுல பத்தாவது படிக்கிற பிள்ளைங்க யாரும் உண்டா? தம்பி மகளா? அதுகிட்டப் போயி 'சௌந்தர் சார் மேக்ஸ்'னு மட்டும் சொல்லுங்க, பாட்டே பாடும். முழுப் பேரு சௌந்திரபாண்டி. யூடியூபுக்கு நீளமா இருக்குன்னு பாதியில நறுக்கிட்டேன்.

நாளைக்குக் காலையில பதினோரு மணிக்குக் கல்வி ஆபீசுல என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்கண்ணே. ஆமா, என்னைத்தான். கணக்கு வாத்தியாரை. கொலையா பண்ணிட்டேன்? ஒரு நிமிஷ வீடியோ. சரியாச் சொன்னா அம்பத்தெட்டு செகண்டு. அங்க குடுக்கத்தான் இந்தத் தாளு. இதுல கையெழுத்துப் போட்டிருக்கிறது பாண்டிமீனான்னு என்கிட்டப் படிச்ச பிள்ளை. இந்த வருஷம் பத்தாவதுல கணக்குல மட்டும் போச்சு. முப்பத்திரெண்டு. முப்பத்தஞ்சு எடுத்திருந்தா பதினொண்ணாவது சேந்திருக்கும். எடுக்கல, பஞ்சு மில்லுல வேலைக்கு நிக்கிது. அங்க போயிக் கையெழுத்து வாங்கிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு வந்து இப்பத்தான் இந்த பஸ்ல ஏறுனேன்.

நீங்க வெளியாளு. முழுசாக் கேளுங்க. கேட்டுட்டு யாரு மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

எங்க ஸ்கூல்ல ஹெட்மாஸ்டர் வருஷம் பூரா ரெண்டே கேள்விதான் கேப்பாரு. சென்ட்டம் எத்தனை, பாஸ் எத்தனை. சென்ட்டம் எடுக்குற பிள்ளையை நாம ஒண்ணும் பண்ண வேண்டாம், அதுவா எடுத்துக்கும். பாஸ் ஆக வைக்கிறதுதான் பாடு. ஜனவரியில ஒரு டெஸ்ட் வைப்போம். முப்பதுக்குக் கீழ எடுத்ததுகளைத் தனியாப் பிரிச்சு, ஸ்லோ லேர்னர்ஸ்னு லிஸ்ட் போட்டு, லேப் ரூம்ல உக்கார வைப்போம். அதுகளுக்கு முழுப் பாடம் கிடையாதுண்ணே. முழுப் பாடம் நடத்துனா இருக்குறதும் போயிரும். முக்கோணம் ஒண்ணு வரையணும், எட்டு மார்க்கு. கிராஃப் ஒண்ணு, எட்டு மார்க்கு. மேல கொஞ்சம் சில்லறை. இதை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டா எருமையும் கரையேறிரும். பாண்டிமீனா அந்த லிஸ்ட்டுல அஞ்சாவது பேரு.

அதுக்கு அப்பா இல்ல. அம்மா சந்திரான்னு, கூலிக்குப் புளி குத்திக் கொட்டை எடுத்துக் குடுக்குற வேலை. மில்லு வேனு ஆள் எடுக்க எங்க ஊருக்கு ஏப்ரல் கடைசியிலேயே வந்துரும், எந்தப் பிள்ளை பெயிலாகும்னு அவங்களுக்கு எங்களை விட நல்லாத் தெரியும். அந்தம்மா என்கிட்டயே வந்து சொல்லுச்சு, "சார், பாஸ் பண்ணிட்டா படிக்கட்டும். பண்ணலைன்னா வேனுல ஏத்திர வேண்டியதுதான், நான் ஒருத்தி எத்தனை நாளைக்குக் குத்துவேன்"னு. நான்தான் தைரியம் சொன்னேன். நான் இருக்கேம்மா, என் வீடியோவைப் பாக்கச் சொல்லுன்னேன். சொன்னேன்ல? சொன்னேன்.

இப்ப அந்த முக்கோணத்தைக் கேளுங்க. பயப்படாதீங்க, சின்ன விஷயம். ஒரு முக்கோணம் குடுப்பான். அதே சாடையில இன்னொண்ணு வரையணும், சொன்ன அளவுல. அளவு மூணின் கீழ் அஞ்சுன்னு சொல்லுவோம், மேல மூணு, கீழ அஞ்சு. அஞ்சுல மூணு பங்கு. அப்ப புதுசு சின்னதா வரும். அடியில சாய்வா ஒரு கோடு இழுத்து, காம்பஸ்ல சமமா அஞ்சு புள்ளி வைக்கணும். அஞ்சாவது புள்ளியை முக்கோணத்து முனையோட சேக்கணும். மூணாவது புள்ளியில இருந்து அதுக்கு இணையா ஒரு கோடு. அவ்வளவுதான். ஆனா இந்த லிஸ்ட்டுப் பிள்ளைகளுக்கு எதை முனையோட சேக்குறது, எதுல இணைகோடு போடுறதுன்னு மாறிப் போயிரும். எப்பவுமே மாறும். பத்தொன்பது வருஷமா மாறிட்டே இருந்துச்சு.

அதுக்குத்தான் நான் ஒரு பாட்டு கட்டினேன். "பெருசைக் கட்டு, சிறுசுல வெட்டு." பெரிய நம்பரை முனையோட கட்டு, சின்ன நம்பர்ல இணைகோடு வெட்டு. எப்படி இருக்கு? கையைத் தட்டிக்கிட்டே சொல்லணும். போர்டுக்கு முன்னால பெரிய மரக் காம்பஸை வச்சுக்கிட்டு நின்னு சொன்னேன், என் மருமகன் எடுத்துப் போட்டான். கடைசியில ஒரு வார்த்தை விட்டேன், "எந்த அளவு குடுத்தாலும் இதே பாட்டுதாண்டா செல்லங்களா"ன்னு. அந்த ஒரு வார்த்தைதான் இப்ப என் கழுத்தைப் பிடிக்குது.

பொங்கலுக்கு மறுநாளு போட்டது. மாசக் கடைசியில நாலு லட்சம் பேரு பாத்துட்டாங்கண்ணே! நாலு லட்சம்! என் கல்யாணத்துக்கு நூத்தம்பது பேரு வந்தான். கோயமுத்தூர்ல இருந்து ஒரு வாத்தியார் போன் போட்டு, "சார், எங்க பிள்ளைக பிரேயர்ல கூட அதைத்தான் முணுமுணுக்குதுக"ன்னாரு. அன்னைக்கு நான் வீட்டுல சாப்பிடவே இல்ல, வயிறு நிறைஞ்சு போச்சு.

அப்பத்தான் இன்னொரு அம்மா வந்துச்சு.

கமலவேணின்னு பேரு. போட்டோவுல ஆளு இல்ல, ஒரு செம்பருத்திச் செடி. கீழ கமெண்ட்ல எழுதியிருந்துச்சு. எனக்கு மனப்பாடம்ணே, கேளுங்க. "வணக்கம் சார். உங்கள் குரல் பிள்ளைகளுக்குப் பிடித்திருப்பது தெரிகிறது. ஒரு சிறு திருத்தம். அளவு ஒன்றைவிடப் பெரிதாக இருந்தால் இந்தப் பாட்டு பொருந்தாது. வளர வேண்டிய முக்கோணம் சுருங்கிவிடும். வரைவதற்கு முன் இது பெரிதாகுமா சிறிதாகுமா என்று ஒரு நொடி யோசிக்கச் சொன்னால் போதும்." இவ்வளவுதான். மரியாதையாத்தான் இருந்துச்சு, இல்லேங்கல. ஆனா நாலு லட்சம் பேரு பாக்குற எடத்துலயா சொல்றது? தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல? ஒரு வாத்தியாரை நடு மந்தையில வச்சு?

நம்ம பிள்ளைக சும்மா விடுமா? ஒருத்தன் "ஆன்ட்டி, போயி சமையல் வீடியோ பாருங்க"ன்னு போட்டான். அதுக்கு நான் ஒரு ஹார்ட் போட்டேன். அது என் பழக்கம், யாரு சப்போர்ட்டாப் போட்டாலும் ஹார்ட் போடுவேன்.

மறுநாள் ஸ்டாஃப் ரூம்ல யாரும் இல்லாதப்ப ஒரு நோட்டை எடுத்து வரைஞ்சு பாத்தேன். ஏழின் கீழ் மூணு, மேல ஏழு, கீழ மூணு. பாட்டுப் படியே கட்டினேன், பாட்டுப் படியே வெட்டினேன். முக்கோணம் சின்னதா வந்து உக்காந்திருக்கு. பெரிசா வர வேண்டியது. நோட்டை மூடி பைக்குள்ள வச்சுட்டேன்.

இப்ப நீங்க கேப்பீங்க, தெரிஞ்சுருச்சுல்ல, தூக்கிர வேண்டியதுதானேன்னு. என் சம்சாரமும் அதைத்தான் கேட்டா. யோசிச்சுப் பாருங்க. பரீட்சைக்கு ஒன்றரை மாசம் இருக்கு. நாலு லட்சம் பிள்ளைக மனசுல பதிஞ்ச பாட்டு. நடுவுல போயி இது தப்புன்னா எல்லாம் குழம்பிப் போயிராதா? இருக்குற நம்பிக்கையும் போயிரும். அதோட என் வீடியோவுல நான் வரைஞ்ச கணக்கு சரி. அதுல ஒரு தப்புக் கிடையாது. ஒரே ஒரு வார்த்தையை மாத்தியிருக்கலாம்தான். பெருசைக் கட்டுங்கறதுக்குப் பதிலா கீழ இருக்குற நம்பரைக் கட்டுன்னு. ஆனா சொல்லிப் பாருங்களேன், கை தட்ட வருதா? வராது.

அந்தம்மா பேரைப் போட்டுத் தேடிப் பாத்தேன். ஏதோ பெரிய ஆராய்ச்சி நிறுவனத்துல இருபத்தாறு வருஷமா கணிதம் பண்ணுதாம். கட்டுரை கட்டுரையா எழுதியிருக்கு, எனக்கு ஒரு வரி புரியல. அவ்வளவு பெரிய ஆளுக்கு என்னோட அம்பத்தெட்டு செகண்டுல என்ன ஜோலிங்கறேன்? அதோட விடலண்ணே. சேனல் மெயிலுக்கு வேற எழுதுச்சு. "நாம இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சின்ன வீடியோ போடலாமா? நீங்களே பேசுங்கள், நான் படம் வரைந்து தருகிறேன்"னு. பாத்தீங்களா? என் சேனல்ல தலையைக் காட்டப் பாக்குது. நான் பதிலே போடல.

சரி, அது பாட்டுக்குக் கெடக்கட்டும்னு விட்டிருப்பேன். பாண்டிமீனா வந்து சிக்குச்சு.

அந்தக் கமெண்ட்டுக்குக் கீழ சந்திரான்னு ஒரு பேரு பதில் எழுதியிருக்கு. அது அம்மா போனு, எழுதுனது இவ. "மேடம், நான் ஏழு மேல மூணு கீழ வரைஞ்சு பாத்தேன். சின்னதா வருது. நான்தான் தப்புப் பண்றேன்னு மூணு தடவை வரைஞ்சேன்"னு. அந்தம்மா உடனே, "மூன்று தடவை வரைந்து பார்த்தாயா? கணிதக்காரர்கள் செய்வதும் அதுதான். நீ சரி"ன்னு போடுது. இவ, "நான் ஸ்லோ லேர்னர் மேடம்"ங்கறா. அதுக்கு என்ன பதில் தெரியுமா? "நானும்தானம்மா. ஒரே கணக்கில் நாலு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். மெதுவாகப் போனால்தான் சில விஷயம் கண்ணில் படும்." இப்படிச் சொன்னா பிள்ளை உருப்படுமா? இருபத்தெட்டு மார்க்கு எடுக்குற பிள்ளைகிட்டப் போயி? இவ அதுக்குக் கீழ ஒரு கேள்வி, அந்தம்மா அதுக்கு ஒரு பதில். எல்லாப் பக்கத்தையும் ரெண்டு மடங்காக்குனா உள்ள இருக்குற எடமும் ரெண்டு மடங்காகுமான்னு இவ கேக்குறா. அந்தம்மா, வரைஞ்சு, கட்டம் எண்ணிப் பாத்துட்டு நீயே எனக்குச் சொல்லுங்குது. ரெண்டு நாளா என் வீடியோவுக்கு அடியில உக்காந்து ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் நடத்தியிருக்காங்க. என்கிட்ட அந்தப் பிள்ளை மூணு வருஷமா ஒரு கேள்வி கேட்டதில்லண்ணே. ஒரு கேள்வி. எனக்கு எரிஞ்சுச்சு. ஆமா, எரியத்தான் செஞ்சுச்சு, அதுல என்ன வெக்கம்.

அதோட போச்சா? எங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்புல நோட்டைப் போட்டோ எடுத்துப் போட்டுட்டா. "சார், பெருசா வரணும்ல, சின்னதா வருதே"ன்னு. எழுவத்தெட்டு பேரு இருக்குற குரூப்பு. ஹெட்மாஸ்டரும் அதுலதான் இருக்காரு. போட்ட நாலாவது நிமிஷம் நான் பாத்துட்டேன், அழிச்சுட்டேன். அட்மின் மட்டும்தான் பேசலாம்னு குரூப்பைப் பூட்டிட்டேன். அப்படியே யூடியூபுக்குப் போயி அந்தம்மா கமெண்ட்டையும் தூக்குனேன். மேல இருக்குறதைத் தூக்குனா கீழ இருக்குற பதில் எல்லாம் சேந்து போயிரும், தெரியுமா? அந்தம்மா இனி எழுதுனாலும் யாருக்கும் தெரியாத மாதிரி ஒரு பட்டன் இருக்கு, அதையும் அமுக்கிட்டேன்.

மறுநாள் கிளாஸ்ல அவளை எந்திரிக்கச் சொன்னேன். அடிக்கல. நான் பிள்ளைகளை அடிக்கிற ஆளு இல்ல. "உனக்கு யாரு வாத்தியாரு? நானா, செம்பருத்திச் செடியா?"ன்னு கேட்டேன். எல்லாம் சிரிச்சுச்சுக. "நீங்கதான் சார்"னா. "பரீட்சையில பேப்பரைத் திருத்தப் போறது நானா, அந்தம்மாவா?" "நீங்கதான் சார்." "அப்ப அதே கணக்கை என் முறையில அம்பது தடவை வரைஞ்சுட்டு வா." மறுநாள் கொண்டாந்தா. நோட்டு பூரா அம்பது முக்கோணம், அம்பதும் சின்னச் சின்னதா, பென்சிலை நல்லாச் சீவி வரைஞ்சிருந்தா. நான் ஒவ்வொண்ணுலயும் டிக் போட்டேன். நோட்டை வாங்கிட்டுப் போயி உக்காந்துக்கிட்டா. அதுக்கப்புறம் அந்தப் பிள்ளை கேள்வியே கேக்கல, நானும் நிம்மதியா இருந்தேன்.

அட, கண்டக்டர் சில்லறைக்கு நிக்கிறாரு பாருங்க. நான் எடுத்துட்டேன், எடுத்துட்டேன்.

அப்புறம் பரீட்சை. நான் வேற ஸ்கூல்ல டூட்டி. கேள்வித்தாளைக் கையில வாங்குனதும் முக்கோணத்தைத்தான் பாத்தேன். மேல ஏழு, கீழ நாலு. பக்கத்துலயே அடைப்புக்குள்ள போட்டிருக்கான், ஒண்ணை விடப் பெருசுன்னு. அந்த ஹால்ல இருபது பிள்ளைக. அதுல மூணு பிள்ளைக உதடு அசையுது. சத்தம் வரல, ஆனா எனக்குத் தெரியும்ல அது என்ன பாட்டுன்னு. ஒருத்தன் தொடையில விரலால தட்டிக்கிட்டே வரையிறான். நான் போயி என்ன சொல்ல முடியும்? சூப்பர்வைசர் வாயைத் திறக்கக் கூடாது, ரூல்சு. நான் ரூல்சை மீறுறவன் இல்ல.

மத்தியானம் எங்க ஸ்கூலுக்கு வண்டியை விட்டேன். பாண்டிமீனா கேட்டுல நின்னுச்சு. "எப்படிம்மா வரைஞ்ச?"ன்னேன். "மொதல்ல யோசிச்சு வரைஞ்சேன் சார், பெருசா வந்துச்சு. அப்புறம் நீங்கதானே திருத்துவீங்கன்னு நெனப்பு வந்துச்சு. அழிச்சுட்டு உங்க முறையில போட்டுட்டேன்"னா. சிரிச்சுக்கிட்டே சொல்லுதுண்ணே. நான் சந்தோசப்படுவேன்னு நெனச்சுச் சொல்லுது.

நான் என்ன சொல்லட்டும்? "சரி, போ"ன்னேன்.

நீங்க ஏன் அப்படிப் பாக்குறீங்க? நான் சொன்னது சும்மா ஒரு பேச்சுக்குண்ணே. அவங்கவங்க ஸ்கூல் பேப்பரை அவங்கவங்க திருத்துறது கிடையாது. நம்பர் மாத்தி, கட்டுக் கட்டா வேற மாவட்டத்துக்குப் போயிரும். அது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பிள்ளைக்கு அது கூடத் தெரியலைன்னா நான் என்ன பண்ணுறது?

ஏப்ரல்ல எனக்கும் திருத்துற டூட்டி வந்துச்சு. எந்த மாவட்டத்துப் பேப்பரோ தெரியாது. முதல் கட்டைப் பிரிக்கிறேன். முதல் பேப்பர்ல சின்ன முக்கோணம். ரெண்டாவதுல சரியா இருக்கு. மூணாவது சின்னது. ஒரு பையன் பக்கத்துல பென்சில்ல எழுதியே வச்சிருக்கான், பெருசைக் கட்டு, சிறுசுல வெட்டுன்னு. என் பாட்டு, எவனோ ஒரு பிள்ளையோட கையெழுத்துல. அந்தப் பேப்பர் திருத்துற முகாம் பூரா அதே பேச்சுதான். பக்கத்து டேபிள்ல ஒரு டீச்சர், "எவனோ ஒரு யூடியூப்காரன் பிள்ளைகளைக் கெடுத்து வச்சிருக்கான் சார்"ங்கறாங்க. நான், "ஆமா டீச்சர், அக்கிரமம்"னேன். வேற என்ன சொல்ல? மீசையை அன்னைக்குச் சாயந்தரம்தான் எடுத்தேன்.

திருத்துறதுல நான் சுத்தம்ணே. விடைக்குறிப்புல என்ன இருக்கோ அதுதான். உதவிப்படத்துக்கு மார்க்கு உண்டு, குடுத்த முக்கோணத்துக்கு மார்க்கு உண்டு, மிச்சத்துக்குக் கிடையாது. எட்டுக்கு நாலு. கோடு போட்டுட்டுப் போய்க்கிட்டே இருந்தேன். ஒரு பேப்பர் கூட்டிப் பாத்தா முப்பத்தி மூணு. ரெண்டு மார்க்கு வேணும். முன்னையெல்லாம் அந்த மாதிரி வந்தா எங்கயாவது தேடித் தட்டி நிமித்தி விட்டுருவேன், எல்லா வாத்தியாரும் செய்யிறதுதான். அன்னைக்குச் செய்யலண்ணே. நான் இரக்கம் காட்டப் போயி, இவரு ஏன் இந்தத் தப்புக்கு இவ்வளவு இரக்கம் காட்டுறாருன்னு எவனாவது கேட்டுட்டா? அப்படியே கட்டுல சொருகிட்டேன்.

எங்கயோ ஒரு முகாம்ல இதே மாதிரி எவனோ ஒருத்தன் பாண்டிமீனா பேப்பரையும் சொருகியிருப்பான். முப்பத்திரெண்டு. எட்டுக்கு நாலு போட்டிருப்பான், நாலு போயிருக்கும். நீங்க கூட்டிப் பாக்க வேண்டாம், நானே பாத்துட்டேன், முப்பத்தாறு வரும். ஆனா நான் கேக்குறேன், அந்த மூணு மார்க்கை வேற எங்கயாவது எடுக்கக் கூடாதா? நூறு மார்க்குக்குக் கேள்வி இருக்குல்ல? எல்லாத்தையும் என் தலையிலதான் கட்டணுமா?

ரிசல்ட் வந்த மறுநாளே பெட்டிஷன் கிளம்பிருச்சு. அந்த வீடியோவை எவனோ டவுன்லோடு பண்ணி வச்சிருந்து, சர்க்குலேட் பண்ணிட்டான். அந்தம்மாதான் எழுதியிருக்கும்னு நெனச்சேன். இல்லையாம், ஏதோ பெற்றோர் சங்கமாம். எனக்கென்னமோ இன்னும் அந்தம்மா மேலதான் சந்தேகம். நான் உடனே வீடியோவைத் தூக்குனேன். கிளாஸ் குரூப்பையும் கலைச்சுட்டேன், பழைய மெசேஜ் எதையும் எவனும் தோண்டிரக் கூடாதுல்ல. எழுவத்தெட்டு பேரையும் ஒவ்வொருத்தரா நீக்கிட்டு நானும் வெளிய வந்துட்டேன்.

வக்கீல் ஒருத்தர் சொன்னாரு, உங்ககிட்டப் படிச்சு, அந்தக் கணக்குலயே போன பிள்ளை ஒண்ணு, சார் மேல தப்பில்லைன்னு எழுதிக் குடுத்தா போதும்னு. அதான் நானே டைப் அடிச்சுக் கொண்டு போனேன். "வகுப்பில் ஆசிரியர் சரியான முறையையே கற்பித்தார். என் கவனக்குறைவால் நான்தான் தவறாக வரைந்தேன்." பாருங்க, கீழ கையெழுத்து. எவ்வளவு குண்டு குண்டா இருக்கு பாருங்க.

மில்லு கேட்டுல அரை மணி நேரம் நின்னேன். பத்து நிமிஷம்தான் விடுவேன்னு வாச்மேன் சொல்லிட்டாரு. வந்துச்சு. நீலக் கோட்டு, தலை, புருவம் எல்லாம் பஞ்சு. என்னைப் பாத்ததும் வணக்கம் சார்னு சொல்லுச்சு. ஒரு மிக்சர் பாக்கெட் வாங்கிட்டுப் போயிருந்தேன், வெறுங்கையோட போகக் கூடாதுல்ல. தாளைக் குடுத்தேன். முழுசாப் படிச்சா. ரெண்டு தடவை படிச்சா. மெதுவாத்தான் படிப்பா அவ. "இதுல நான் தப்பா வரைஞ்சேன்னு இருக்கே சார்"னா. "பின்ன, சரியாவா வரைஞ்ச?"ன்னேன். "இல்ல சார்"னு சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டா. நல்ல பிள்ளைண்ணே. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு, கண்ணு கலங்கிருச்சு.

அப்புறம் கேக்குறா, "சார், அந்த மேடம் பேரு என்ன சார்? நான் குறிச்சு வைக்கல. அந்தக் கமெண்ட்டைத் தேடித் தேடிப் பாத்தேன், காணோம். கட்டம் எண்ணிப் பாத்துட்டேன். ரெண்டு மடங்கு இல்ல சார், நாலு மடங்கு வருது. அவங்க சொல்லச் சொன்னாங்க"ன்னு. எனக்கு எப்படிம்மா தெரியும்னேன். பேரைச் சொல்லிட்டா அதைப் பிடிச்சுக்கிட்டு, நடந்ததை எல்லாம் அந்தம்மாவுக்கு எழுதிரும். நாளைக்கு விசாரணை.

உள்ள மணி அடிச்சுருச்சு. போகப் போனவ திரும்பி வந்து, "சார், ஜூலை மறுபரீட்சைக்கு எழுதிப் போடணும்னு எங்கம்மாகிட்டச் சொல்லியிருக்கேன். இங்க சூப்பர்வைசர் அக்கா லீவு தர்றேன்னாங்க. குரூப்புல தேதி போடுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன், குரூப்பே காணோம். கடைசித் தேதி என்னைக்கு சார்?"ன்னா.

இன்னைக்குத்தாண்ணே கடைசி. அஞ்சு மணி வரைக்கும். ஸ்கூல்ல நேர்ல வந்து பதியணும்.

முடிஞ்சு போச்சும்மான்னுட்டேன். நேத்தோட முடிஞ்சுருச்சுன்னு.

இருங்க, இருங்க, அவசரப்பட்டுப் பேசாதீங்க. யோசிச்சுப் பாருங்க. இன்னைக்கு அவ ஸ்கூலுக்கு வந்தா ஹெட்மாஸ்டர் பாப்பாரு. ஏம்மா எப்படிப் போச்சுன்னு கேப்பாரு. இவளுக்குப் பொய் சொல்ல வராது. நாளைக்குப் பதினோரு மணிக்கு இவளையே கூப்பிட்டு உக்கார வச்சுட்டாங்கன்னா, இந்தத் தாளுக்கு என்ன மதிப்பு? ஒரு நாளுண்ணே. ஒரு நாளு தள்ளிப் போனா எனக்கு வேலை நிக்கும். அவளுக்கென்ன, பதினஞ்சு வயசு. அடுத்த வருஷம் எழுதலாம். நானே ஃபீசு கட்டுறேன், நானே சொல்லித் தர்றேன், சரியான முறையில.

அவ என்ன சொன்னாளா? "அப்ப சரி சார்"னா. மிக்சர் பாக்கெட்டை என் கையிலேயே திருப்பிக் குடுத்துட்டு, உள்ள கொண்டு போக விட மாட்டாங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டா. இந்தா இருக்கு, பிரிக்கட்டுமா? சாப்பிடுங்க.

மணியா? மூணே முக்கால். ஏன் கேக்குறீங்க?

எந்த மில்லுன்னா கேக்குறீங்க? இந்தா, இப்பத்தான் தாண்டுனோம், அந்தப் பாலத்துக்குப் பின்னால மஞ்சக் காம்பவுண்டு. எதுக்குண்ணே? டிக்கெட் திண்டுக்கல் வரைக்கும்தானே எடுத்தீங்க, நான் பாத்தேனே. அண்ணே, கயித்தை இழுக்காதீங்க, இங்க ஸ்டாப் கிடையாது. அண்ணே! பிள்ளை பேரை எதுக்கு எழுதுறீங்க? நான் உங்களை நம்பித்தானே எல்லாத்தையும் சொன்னேன்!

ஏம்ப்பா கண்டக்டர், அவரை இங்க எறக்கி விடாதீங்கப்பா. வண்டியை எடுங்க. எடுக்கச் சொல்லுங்க!